டர்பனில் முதல் நாய்: காப்பகத்திலிருந்து ஒரு சாது நாயை வீட்டுக்கு அழைத்து வருவது எப்படி

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்து வெஸ்ட்வில், ரிசர்வாயர் ஹில்ஸ், உம்லாங்கா பக்கம் வீடு பிடித்துக் குடியேறும் குடும்பங்கள், மளிகைக்கடை எங்கே, கோயில் எங்கே என்று கேட்டு முடித்த கையோடு கேட்பது நாயைப் பற்றித்தான். இங்கே தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு நாய் இருக்கிறதே, நாமும் ஒன்று வளர்க்கலாமா, எங்கே வாங்குவது என்பார்கள். தாராளமாக வளர்க்கலாம். ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டாம், காப்பகத்திலிருந்து தத்தெடுங்கள். அதிலும் முதல் நாய் என்றால் குட்டி வேண்டாம். வளர்ந்து, ஓடியாடி, நிதானத்துக்கு வந்துவிட்ட ஒரு சாது நாயாகப் பாருங்கள். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவது இதைத்தான், மற்றதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பது.

ஏன் வளர்ந்த நாய் என்று கேட்பீர்கள். குட்டி அழகுதான். ஆனால் அது பெரிதானால் என்ன குணத்தோடு நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ராத்திரி மூன்று மணிக்கு அழும், செருப்பைக் கடிக்கும், வீட்டில் கண்ட இடத்தில் போகும், இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் அதைப் பழக்க ஆள் இருக்காது. ஐந்தாறு வயது நாய் அப்படியில்லை. அதன் குணம் இன்றைக்கு உங்கள் கண்ணெதிரே நிற்கிறது.

ஆனாலும் காப்பகத்தில் அதிக நாள் காத்திருப்பவை இந்த நாய்கள்தான். வருகிறவர்களில் பாதிப் பேர் காவலுக்கு நாய் தேடி வருகிறார்கள், அவர்களுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரைக்கிற நாய்தான் கண்ணில் படுகிறது. மீதிப் பேருக்குக் குட்டி வேண்டும். நான் வாரக் கடைசியில் நடைக்கு அழைத்துப் போகிற ஒரு பெண் நாய் இருக்கிறது, பழுப்பு நிறம், நெஞ்சில் வெள்ளை, ஒரு காது மட்டும் மடிந்திருக்கும், இங்கே எல்லோரும் பேவ்மெண்ட் ஸ்பெஷல் என்று சொல்கிற கலப்பு ஜாதிதான். கூண்டுக்கு முன்னால் யாராவது நின்றால் எழுந்து வந்து குரைக்காது, கம்பியோடு தன் தோளை ஒட்டி வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நிற்கும், விரலை நுழைத்துக் கழுத்தைச் சொறிந்தால் கண்ணை மூடிக்கொள்ளும். ஒரு நிமிடம் நின்றவர்களுக்குத்தான் இது தெரியும். பெரும்பாலோர் அரை நிமிடம்கூட நிற்பதில்லை.

எங்கே போவது

டர்பனில் முதலில் போகவேண்டிய இடம் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள டர்பன் அண்ட் கோஸ்ட் எஸ்பிசிஏ, அதாவது விலங்கு வதைத் தடுப்புச் சங்கம். மேட்டுப் பகுதியில், பைன்டவுன், ஹில்க்ரெஸ்ட் பக்கம் இருப்பவர்களுக்கு க்ளூஃப் அண்ட் ஹைவே எஸ்பிசிஏ கிட்டத்தில் இருக்கிறது. எஸ்பிசிஏ என்றால் அரசுத் துறை என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள், அப்படியல்ல. 1993-ஆம் ஆண்டின் 169-ஆம் எண் சட்டம் அவற்றுக்கென்றே இயற்றப்பட்டது, விலங்கு வதையை விசாரிக்க அவற்றின் இன்ஸ்பெக்டர்களுக்கு அதிகாரம் உண்டு, ஆனாலும் செலவெல்லாம் நன்கொடையில்தான் ஓடுகிறது. ஆகவே தத்துக் கட்டணம் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். கருத்தடை அறுவை, தடுப்பூசி, பூச்சி மருந்து, தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் இவையெல்லாம் பொதுவாக அந்தக் கட்டணத்துக்குள்ளேயே வந்துவிடும். இதே வேலைகளைத் தனியாக ஒரு வெட்டிடம், அதாவது கால்நடை மருத்துவரிடம், செய்தால் அதைவிட எத்தனையோ மடங்கு ஆகும்.

நல்ல வீட்டுக்கு இலவசம் என்று விளம்பரம் போட்டுக் கொடுக்கிற குட்டிகளை எடுக்காதீர்கள். எடுக்கிற அன்று துள்ளிக் குதிக்கும், ஒரு வாரத்தில் ரத்தமாகப் பேதியாகும். பார்வோ வைரஸ் அப்படித்தான் வரும், ஊசி போடாத குட்டிகளை அள்ளிக்கொண்டு போய்விடும்.

போவதற்கு முன்

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சரி என்றார் என்பது காப்பகத்தில் செல்லாது, நாளைக்குச் சண்டை வந்தால் உங்களுக்கும் உதவாது. ஃப்ளாட் அல்லது காம்ப்ளெக்ஸ் என்றால் பாடி கார்ப்பரேட் என்கிற உரிமையாளர் சங்கத்தின் நிர்வாகிகளான டிரஸ்டிகளிடமும் எழுத்தில் ஒப்புதல் வேண்டும். இப்படிப்பட்ட கூட்டு வீடுகளுக்கென்று 2016-இல் வந்த செக்‌ஷனல் டைட்டில் விதிமுறைகளோடு இணைத்திருக்கும் நடத்தை விதிகளில் முதலாவதே வளர்ப்பு விலங்கைப் பற்றியதுதான்: டிரஸ்டிகள் அனுமதி இல்லாமல் வைத்துக்கொள்ளக் கூடாது, அவர்களும் நியாயமான காரணமில்லாமல் அனுமதியை மறுக்கக் கூடாது. உங்கள் காம்ப்ளெக்ஸில் இதை மாற்றி வேறு விதி வைத்திருக்கலாம், அதனால் முதலில் அந்த விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.

அடுத்து சுவரும் கேட்டும். தத்து கொடுப்பதற்கு முன் காப்பகத்திலிருந்து ஆள் வந்து வீட்டைப் பார்ப்பார்கள், அவர்கள் கண் நேராக அங்கேதான் போகும். நீங்களே முன்கூட்டிப் பார்த்து வையுங்கள். சறுக்குக் கேட்டின் அடியில் கை நுழைகிற இடைவெளி இருந்தால் சிறிய நாய்க்குத் தலை நுழையும், தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். கம்பி வேலி என்றால் குத்துக் கம்பிகளுக்கு நடுவே வலை அடியுங்கள். டர்பன் மண் சரிவு மண், மழைக்குப் பின் வேலியோரம் அரித்துக் குழியாகிவிடும், அந்த இடங்களில் கல் வைத்து அடையுங்கள். கேட் மோட்டாருக்குள் இருக்கும் பேட்டரி செத்துப்போயிருந்தால் கரண்ட் போனதும் கேட்டைக் கையால் தள்ளித் திறந்து அப்படியே பாதி திறந்தபடி விட்டுவிடுவீர்கள், இங்கே நாய் தொலைவதற்கு இதுவும் ஒரு வழி. பேட்டரியை மாற்றிவிடுங்கள். காரை உள்ளே விட்டதும் கேட் முழுக்க மூடும்வரை இறங்காமல் உட்கார்ந்திருப்பது இந்த ஊரில் திருட்டுப் பயத்துக்காக எல்லோரும் செய்வது, நாய்க்காகவும் அதையே செய்யுங்கள்.

மூன்றாவதாக, வீட்டிலிருக்கும் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கும் அம்மாவுக்கு நாய் வீட்டுக்குள் வருவது பிடிக்காது என்றால் அதை இப்போதே பேசி முடியுங்கள். பூஜை அறைக்குள் விடாமல் மற்ற இடங்களில் விடலாம் என்று ஒரு ஏற்பாட்டுக்கு வருவது சுலபம், நாய் வந்தபின் அதை வெளியே தள்ளுவதுதான் கொடுமை. கட்டிப்போட்டு வளர்க்கும் எண்ணம் இருந்தால் இத்தோடு விட்டுவிடுங்கள். தேவையில்லாமல் சங்கிலியில் கட்டி விலங்கைத் துன்புறுத்துவது 1962-ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், எந்தக் காப்பகமும் அதற்கு நாய் தராது.

தேர்ந்தெடுப்பது

குழந்தைகள் உட்பட எல்லோரும் போங்கள். கூண்டு வரிசையில் நடக்கும்போது இரைச்சல் காதைப் பிளக்கும், அந்த இரைச்சலில் எந்த நாயும் தன் இயல்பில் இருக்காது. ஆகவே கம்பிக்கு வெளியே நின்று முடிவு செய்யாதீர்கள். பிடித்த இரண்டு மூன்று நாய்களின் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஊழியரிடம் சொல்லி ஒவ்வொன்றாக வெளியே புல்வெளிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

வந்ததும் நீங்கள் அதனிடம் போகாதீர்கள். பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள், கண்ணுக்கு நேரே பார்க்க வேண்டாம், கையைத் தொடையில் வைத்திருங்கள். அது முதலில் புல்லை மோந்து பார்க்கும், சுற்றி வரும், அப்புறம் உங்கள் முதுகுப் பக்கமாக வந்து மோப்பம் பிடிக்கும். அப்படியே விடுங்கள். உடம்பு தளர்ந்து, வால் நடு உயரத்தில் அகலமாக ஆடி, வாய் லேசாகத் திறந்திருந்தால் நல்லது. உடம்பு விறைத்து, வாய் இறுக மூடி, கண்ணின் வெள்ளை தெரிந்தால் கையை நீட்டாதீர்கள். பயத்தில் ஒடுங்கி நிற்கும் நாயும் சாது நாயும் தூரத்திலிருந்து ஒன்றுபோலத் தெரியும்; ஐந்து நிமிடம் பொறுத்தால் சாது நாய் தானாக வந்து ஒட்டி உட்காரும், பயந்த நாய் வராது. பயந்த நாய்க்கும் வீடு வேண்டும், ஆனால் அதற்கு ஏற்கெனவே நாய் வளர்த்துப் பழகியவர்கள் வீடு நல்லது.

ஊழியரிடம் கேட்கவேண்டியதைக் கேளுங்கள். தெருவில் கிடைத்ததா, வீட்டுக்காரர் கொண்டுவந்து விட்டதா? ஏன் விட்டார்கள்? சாப்பிடும்போது கிட்டே போகலாமா? பூனையோடு எப்படி? தினமும் கூண்டைக் கழுவுகிறவருக்கு அந்த நாயைப் பற்றித் தெரிந்தது அட்டையில் எழுதியிருக்காது, அவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். உங்கள் வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் அதையும் அழைத்து வரச் சொல்வார்கள், அதற்குக் கருத்தடை ஆகியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டை, முகவரிச் சான்று, வீட்டுக்காரர் கடிதம் கையில் இருக்கட்டும். படிவத்தில் கேட்பதெல்லாம் கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றும். ஒருமுறை கைவிடப்பட்ட நாயை மறுபடி கைவிடாமல் இருக்கத்தான் அத்தனை கேள்வியும், பொறுமையாக எழுதிக் கொடுங்கள்.

பிட்புல் மாதிரி வலுவான ஜாதிகளை முதல் நாயாக எடுக்க வேண்டாம் என்பேன். 2022 கடைசியில் அவற்றைத் தடைசெய்யச் சொல்லிக் கையெழுத்து இயக்கம் நடந்தபோது பலர் தங்கள் நாய்களைக் கொண்டுபோய் எஸ்பிசிஏக்களில் விட்டார்கள். அவற்றில் தங்கமான நாய்களும் உண்டு, ஆனால் அனுபவம் இல்லாத கைக்கு அவை அல்ல.

வீட்டுக்கு வந்த முதல் நாட்கள்

வெள்ளிக்கிழமை சாயங்காலமோ சனிக்கிழமை காலையோ அழைத்து வாருங்கள், இரண்டு நாள் கூட இருக்கலாம். கேட் மூடிய பிறகுதான் கார் கதவைத் திறக்க வேண்டும், லீஷ் கையில் இருக்க வேண்டும். முதலில் தோட்டத்தில் ஒரு சுற்று, அது ஒன்றுக்குப் போகிற இடத்தில் நின்று நல்ல வார்த்தை சொல்லுங்கள், அப்புறம் வீட்டுக்குள். அதற்கென்று ஒரு மூலை, பழைய போர்வை, தண்ணீர். அன்றைக்கே குளிப்பாட்ட வேண்டாம். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம். குழந்தைகள் கட்டிப்பிடிக்க வேண்டாம், இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள், நாய்க்குக் கட்டிப்பிடிப்பது அன்பாகப் புரியாது, பிடித்து அமுக்குவதாகத்தான் புரியும்.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று காப்பகத்தில் ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாள் அது மிரட்சியில் இருக்கும், சாப்பிடாமல்கூடப் படுத்துக் கிடக்கும். மூன்று வாரத்தில் வீட்டின் நேரம் பழகும். மூன்று மாதத்தில்தான் இது என் வீடு என்று இருக்கும். சாது நாய்கள் விஷயத்தில் இதில் ஒன்றைக் கவனியுங்கள்: முதல் வாரத்தில் இருந்த அந்த அமைதியில் ஒரு பங்கு பயம்தான். பயம் தெளிந்ததும் கொஞ்சம் குரைக்கும், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும், சோபாவில் ஏறிப் பார்க்கும். நாய் மாறிவிட்டதே என்று அப்போது பதறாதீர்கள், இப்போதுதான் அது நாயாக இருக்கத் துணிந்திருக்கிறது.

வீட்டு வேலைக்கு வருகிறவரையும் தோட்டக்காரரையும் முதல் நாளே முறையாக அறிமுகம் செய்யுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போது, லீஷில் பிடித்துக்கொண்டு, அவர்கள் கையாலேயே தின்பண்டம் போடச் சொல்லி. அவர்களுக்கு நாயென்றால் பயமிருந்தால் அவர்கள் வேலை செய்யும் நேரத்தில் நாயை வேறு பக்கம் அடைத்து வைப்பது உங்கள் பொறுப்பு. இங்கே சட்டமும் இதில் கடுமை. நாய் கடித்தால் உங்கள் கவனக்குறைவு என்று நிரூபிக்கவே தேவையில்லை, நாய்க்குச் சொந்தக்காரர் என்பதற்காகவே பொறுப்பேற்க வேண்டும். 2020-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், மூன்று பிட்புல்கள் தெருவில் நடந்துபோனவரைக் குதறி அவர் ஒரு கையையே இழந்தார். கேட்டை யாரோ அத்துமீறி வந்து திறந்துவிட்டார்கள் என்று சொந்தக்காரர் வாதாடியும் நீதிமன்றம் ஏற்கவில்லை.

சாப்பாடு

நம் வீட்டு மிச்சம் பெரும்பாலும் நாய்க்கு ஆகாது. வெங்காயமும் பூண்டும் அதன் ரத்தத்தைக் கெடுக்கும், அதனால் சாம்பார் சாதமும் பிரியாணிச் சட்டியின் அடியும் வேண்டாம். பாயசத்தில் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தையே பாதிக்கும். மட்டன் கறி எலும்பு, ப்ராய் என்கிற திறந்தவெளிக் கரியடுப்பில் சுட்ட கோழி எலும்பு எல்லாம் வெந்தபின் கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். விருந்தாளிகள் மேசைக்கடியில் போடுவார்கள், அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பூஜைச் சூடமும் விஷம்தான், எட்டாத இடத்தில் வையுங்கள்.

புரட்டாசியில் இங்குள்ள தமிழ் வீடுகள் பலவற்றில் மாதம் முழுக்கக் கறி மீன் சமைப்பதில்லை. அதற்காக நாயையும் தயிர்சாதத்துக்கு மாற்றாதீர்கள், திடீரென்று மாற்றினால் வயிற்றுப்போக்குதான். அதன் உலர்தீவனத்தை மூடிபோட்ட டப்பாவில் சமையலறைக்கு வெளியே வைத்து அங்கேயே போடுங்கள், யாருக்கும் சங்கடம் இல்லை. காப்பகத்தில் என்ன தீவனம் தின்றதோ அதையே முதல் வாரம் கொடுத்து மெல்ல மெல்ல மாற்றுங்கள்.

ஊசி, உண்ணி, பாம்பு, குரங்கு

டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 1970களிலிருந்து நாய்களிடையே வெறிநோய் நீங்காமல் இருக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் வெறிநோய் ஊசி போடுவது இந்த நாட்டில் சட்டக் கட்டாயம். மூன்று மாத வயதில் முதல் ஊசி, ஓராண்டுக்குள் அடுத்தது, பிறகு மூன்றாண்டுக்கொரு முறை என்பது குறைந்தபட்சம். உங்கள் வெட் அதைவிட அடிக்கடி போடச் சொன்னால் போடுங்கள். ஊசிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். தெரியாத நாய் எது கடித்தாலும், பிராண்டினாலும், உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராகக் கிளினிக்குக்கு ஓடுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது.

டர்பன் ஈரக்காற்றுக்கு உண்ணி ஆண்டு முழுக்க இருக்கும். இங்கே பிலியரி என்று சொல்கிற காய்ச்சல் உண்ணி கடித்துத்தான் வருகிறது, கவனிக்காவிட்டால் சில நாளில் நாயைக் கொன்றுவிடும். இதற்கு ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: வாரம் ஒரு நாள் நாயின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். நல்ல ரோஜா நிறமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துச் சட்டென்று மறுபடி சிவக்க வேண்டும். ஈறு வெளிறி, நாய் சோர்ந்து, சாப்பாட்டைத் தொடாமல் படுத்திருந்தால் அன்றைக்கே வெட்டிடம். உண்ணி மாத்திரையை வெட் சொன்ன இடைவெளியில் தவறாமல் கொடுங்கள். காதின் உட்புறம், விரல் இடுக்கு, வாலடி, இந்த இடங்களில் கைவிட்டுத் தடவிப் பாருங்கள்.

குரங்குக் கூட்டம் வரும்போது நாயை உள்ளே கூப்பிடுங்கள். வாழையும் மாவும் இருக்கும் தோட்டத்துக்கு அவை கட்டாயம் வரும், விரட்டப் போன நாயைப் பெரிய ஆண் குரங்கு ஒரே கடியில் ஆழமாகக் கிழித்துவிடும். பாம்பும் உண்டு. துப்பும் நாகம் கண்ணில் விஷத்தைத் துப்பினால் நிறையத் தண்ணீர் விட்டுக் கண்ணை அலசிக்கொண்டே வெட்டிடம் போகவேண்டும். தோட்டத்தில் ஊதாவாகப் பூத்து வெள்ளையாக வெளுக்கும் யெஸ்டர்டே டுடே டுமாரோ செடி இருந்தால் பிடுங்கிவிடுங்கள், அதன் காயும் விதையும் நாய்க்குக் கடும் விஷம். பனை போலத் தெரியும் சைக்காட் செடியின் விதையும் அப்படித்தான்.

தீபாவளி

தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் புது நாயை அழைத்து வராதீர்கள். நம் ஆட்கள் நிறைய இருக்கும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வெடிச்சத்தம் எப்படி இருக்கும் என்று முதல் தீபாவளியில்தான் தெரியும், அதை ஒட்டியே ஆங்கிலேயர் வழக்கப்படி நவம்பர் 5 அன்று வெடிக்கும் ‘கை ஃபாக்ஸ்’ நாள் வெடி, அப்புறம் டிசம்பர் 31. அந்த நாட்களுக்கு மறுநாள் காப்பகங்களில் தொலைந்த நாய்களின் வரிசையைப் பார்த்தால் மனசு கேட்காது. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் இருட்டுவதற்கு முன்பே நடத்திக்கொண்டு வந்து, உள்ளறையில் ஜன்னலை மூடித் திரையை இழுத்துவிட்டு, பாட்டைப் போட்டுவிட்டு யாராவது ஒருவர் கூட உட்காருங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் போன் எண் இருக்கட்டும். மைக்ரோசிப் உங்கள் பெயருக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்று முன்பே பாருங்கள், பழைய சொந்தக்காரர் பெயரிலோ காப்பகத்தின் பெயரிலோ கிடந்தால் கண்டுபிடித்தவர் உங்களைத் தேடி வர வழியில்லை. மிகவும் நடுங்குகிற நாய் என்றால் ஒரு மாதம் முன்பே வெட்டிடம் சொல்லி மாத்திரை வாங்கி வையுங்கள். உங்கள் வீட்டில் மத்தாப்பு மட்டும் போதும் என்று குழந்தைகளிடம் பேசிப் பாருங்கள், நாயை அவர்களே பார்த்துக்கொள்கிற வீட்டில் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

ஊருக்குத் திரும்ப வேண்டி வந்தால்

இரண்டு மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்தவர்கள் இதைத் தத்தெடுக்கும் முன்பே யோசிக்க வேண்டும், காப்பகத்திலும் கேட்பார்கள். நாயை இந்தியாவுக்குக் கொண்டுபோக முடியும். மைக்ரோசிப், வெறிநோய் ஊசிச் சான்று, இங்குள்ள அரசு கால்நடை மருத்துவரின் சுகாதாரச் சான்று, இந்தியக் கால்நடைத் தனிமைப்படுத்தல் துறையின் தடையில்லாச் சான்று, விமானச் செலவு என்று பல மாத வேலை. செலவு கணிசமாக ஆகும், இப்போதிருந்தே ஒதுக்கி வையுங்கள். கொண்டுபோக முடியாது என்று உறுதியாகத் தெரிந்தால் தத்தெடுக்காமல் தற்காலிக வளர்ப்பு வீடாக இருக்க முன்வாருங்கள். அறுவை முடிந்து தேறும் நாய், கூண்டு ஒத்துக்கொள்ளாத வயசான நாய் போன்றவற்றைச் சில வாரம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள், உங்களுக்கும் நாயோடு வாழ்வது ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

எந்தக் காரணத்தாலோ ஒத்துவரவில்லை என்றால் நாயைத் தெரிந்தவர் தெரிந்தவருக்குக் கைமாற்றி விடாதீர்கள், எடுத்த காப்பகத்துக்கே திருப்பிக் கொண்டுபோங்கள்; தத்து ஒப்பந்தத்திலும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதியிருக்கும். அங்கே கொண்டுபோகும்போது வீட்டில் அது எப்படி இருந்தது, எதற்குப் பயந்தது, குழந்தையோடு எப்படி, பூனையைக் கண்டால் என்ன செய்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அடுத்த குடும்பம் அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும்.